தேய்மானத்துக்கு முன்னால் இருந்த வடிவம்

இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது வயதை. அடுத்தது எடையை. அதற்கப்புறம், பாரம் தூக்கினாரா, மாடிப்படி ஏறி இறங்கினாரா என்பார்கள். மூட்டு என்ன வடிவத்தில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. பிசியோதெரபிஸ்டாக எத்தனையோ இடுப்புகளைக் கையில் பிடித்து அசைத்துப் பார்த்திருக்கிறேன். நாற்பதுகளில், சில சமயம் முப்பதுகளிலேயே, இடுப்பு வலியோடு ஒருவர் வந்தால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் அழுத்தமான எண்ணம். அந்த வயதில் தேய்மானம் சும்மா வருவதில்லை. பல நேரம் அது இருபது வயதுக்குள் அமைந்துவிட்ட ஒரு வடிவத்தின் பின்விளைவாக இருக்கிறது.

மூட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடை எலும்பின் மேல்முனை உருண்டையான தலை. இடுப்பெலும்பில் அதை வாங்கிக்கொள்ள ஒரு கிண்ணம். இரண்டின் மீதும் வழவழப்பான குருத்தெலும்பு. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற நார்க்குருத்து வளையம் ஓடுகிறது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தை வெளியே கசியவிடாமல் அடைத்து வைப்பது அதன் வேலை. தலைக்குக் கீழே கழுத்து என்று ஒரு குறுகிய பகுதி உண்டு. அது ஒடுங்கி இருப்பதால்தான் காலை மடக்கும்போது எலும்பு கிண்ணத்தின் விளிம்பில் இடிக்காமல் திரும்புகிறது.

இந்த மூட்டின் மேல் விழும் சுமை நாம் நினைப்பதைவிட மிக அதிகம். பெர்லினில் கியோர்க் பெர்க்மன் குழுவினர் அளவீட்டுக் கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளைச் சிலருக்கு வைத்து, அவர்கள் நடக்கும்போது உள்ளே எவ்வளவு விசை விழுகிறது என்று நேரடியாகவே அளந்தார்கள். 2001-ல் வெளியிட்ட கணக்குப்படி, மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணமாக நடந்தாலே உடல் எடையைப் போல 2.38 மடங்கு. படி இறங்கினால் 2.6 மடங்கு. 60 கிலோ எடை உள்ளவர் ஒவ்வொரு அடியிலும் ஒரு இடுப்பின் மேல் 140 கிலோவுக்கு மேல் ஏற்றுகிறார். ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடியில் உடல் மறுபக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க இடுப்பின் பக்கவாட்டுத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பும் மூட்டின் மேல்தான் சேர்கிறது.

இவ்வளவு சுமையும் எத்தனை பெரிய பரப்பில் பரவுகிறது என்பதை முடிவு செய்வது வடிவம். சுமை அதேதான், பரப்பு சுருங்கினால் அழுத்தம் கூடும்.

கிண்ணம் தலையை எவ்வளவு மூடியிருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரேயில் ஒரு எளிய வழி இருக்கிறது. பென்சிலும் கோணமானியும் போதும். தொடை எலும்புத் தலையைச் சுற்றி வட்டம் போட்டு அதன் மையத்தைக் குறிக்க வேண்டும். மையத்திலிருந்து செங்குத்தாக மேலே ஒரு கோடு. அதே மையத்திலிருந்து கிண்ணத்துக் கூரையின் வெளி விளிம்புக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் தலைக்குப் போதிய கூரை இருக்கிறது. 20-க்குக் கீழே போனால் கிண்ணம் ஆழமில்லை. இதை டிஸ்பிளேசியா என்கிறார்கள். 20-க்கும் 25-க்கும் நடுவில் இருப்பவர்கள் எல்லைக்கோட்டில் நிற்பவர்கள். ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் குன்னார் விபெரி 1939-ல் தன் ஆய்வேட்டில் கொடுத்த அளவு இது. இன்றைக்கும் அதையேதான் அளக்கிறோம். கிண்ணம் ஆழமில்லாமல் இருந்தும் அப்போதைக்குத் தேய்மானம் இல்லாதவர்களை அவர் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார். கோணம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு சீக்கிரம் தேய்மானம் வந்தது. படத்தில் மூட்டு இன்னும் நன்றாகத் தெரியும்போதே அதன் பிற்காலத்தைப் பற்றி ஏதோ சொல்ல முடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இதற்குப் பலம் சேர்த்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதன் யோசனை அவ்வளவு எளிமை. ஸ்டீபன் மர்ஃபி, ரைன்ஹோல்ட் கான்ஸ், மௌரிஸ் முல்லர் மூவரும் 1995-ல் வெளியிட்டது. தேய்மானத்தால் ஒரு பக்க இடுப்பை மாற்றிக்கொண்ட 286 பேரை எடுத்துக்கொண்டார்கள். அறுவை செய்த பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தைப் பார்த்தார்கள். ஒரே ஆள், ஒரே வயது, ஒரே எடை, ஒரே நடை. அந்த மறுபக்க இடுப்பு 65 வயது வரை தாக்குப்பிடித்ததா? தாக்குப்பிடித்த இடுப்புகளில் விபெரி கோணம் 16 டிகிரிக்குக் கீழே இருந்தது ஒன்றுகூட இல்லை.

இந்த எண்களெல்லாம் எனக்கு வெறும் எண்களாக இல்லாமல் போனதற்கு ஒரு அக்கா காரணம். நாற்பதைத் தாண்டியவர், தையல் வேலை, ஒல்லியான உடம்பு. வலது முட்டி வலி என்றுதான் வந்தார். கையில் முட்டி எக்ஸ்ரே வைத்திருந்தார்; அதில் சொல்லும்படி ஒன்றுமில்லை. “முட்டிக்கு ஊசியும் போட்டாச்சு தம்பி, தைலமும் தேய்ச்சாச்சு. ராத்திரி பொரண்டு படுத்தா உயிர் போகுது. கோலம் போடக் குந்துனா எந்திரிக்க முடியல.” வலி எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரே ஒரு விரலால் காட்டச் சொன்னேன். விரல் முட்டியில் நிற்கவில்லை. தொடையின் உட்பக்கமாக மேலேறி, தொடை இடுக்கில் போய் நின்றது. இடுப்பு மூட்டுக்கும் முட்டிக்கும் ஒரே நரம்பிலிருந்து கிளைகள் போவதால் மேலே இருக்கும் கோளாறு கீழே வலியாகத் தெரிவது சாதாரணம். அதைத் தெரியாமல் முட்டிக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டு வருடங்களைக் கழிப்பவர்கள் ஏராளம்.

மல்லாக்கப் படுக்க வைத்தேன். இடுப்பையும் முட்டியையும் செங்கோணமாக மடக்கி, முட்டியை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு பாதத்தை வெளிப்பக்கமாக நகர்த்தினால் தொடை எலும்பு உள்நோக்கிச் சுழலும். இடது காலில் தாராளமாகப் போனது. வலது காலில் கொஞ்ச தூரம் போனதுமே அக்காவின் முகம் சுருங்கியது. அதற்கு மேல் தள்ளினால் இடுப்பே கூடத் தூக்கிக்கொண்டு வந்தது. இடுப்பு மூட்டு கெடத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் குறைவது இந்த உட்சுழற்சிதான். இடுப்பு எக்ஸ்ரே எடுத்து வந்தபோது பார்த்தால், இரண்டு பக்கமும் கோணம் 20-க்குக் கீழே. வலது பக்கம் மேல்வெளி மூலையில் எலும்புகளுக்கு இடையேயான இடைவெளி ஏற்கெனவே குறுகியிருந்தது.

எலும்பு டாக்டர் விளக்கிச் சொன்ன பிறகும் என்னிடம் வந்து அவர் கேட்டது ஒன்றைத்தான். “நான் என்ன தப்பு பண்ணேன் தம்பி? மெஷின் மிதிச்சதாலயா? இல்ல ரெண்டாவது பிரசவத்துல ஒழுங்கா ரெஸ்ட் எடுக்கலியா?” இரண்டும் இல்லை அக்கா, உங்கள் கிண்ணம் கொஞ்சம் ஆழம் குறைவாக அமைந்துவிட்டது, சின்ன வயதிலேயே அமைந்தது, நீங்கள் எதுவும் செய்யவில்லை என்றேன். அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. இவ்வளவு காலம் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். வடிவத்தைப் பற்றி நோயாளிகளிடம் பேச வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு மருத்துவக் காரணம் மட்டும் இல்லை.

கிண்ணம் ஆழம் குறைந்தால் என்ன நடக்கும் என்பது புரிந்துகொள்ளச் சுலபம். சுமை முழுக்க விளிம்பில் ஏறுகிறது. லேப்ரம் தன்னால் ஆன மட்டும் தாங்கி, தடித்து, ஒரு கட்டத்தில் கிழிகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியவர்களைப் பல வருடம் கவனித்து வரும் பெரிய ஆய்வில், கோணம் 25 டிகிரிக்குக் கீழே இருந்தவர்களுக்குப் புதிதாகத் தேய்மானம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 4 மடங்குக்கு மேல் இருந்ததாக 2005-ல் எழுதினார்கள்.

இன்னொரு வடிவக் கோளாறு இதற்கு நேர்மாறானது, ஏற்றுக்கொள்ளப்பட நெடுங்காலம் பிடித்தது. இதில் கிண்ணத்தில் குறையில்லை. தொடை எலும்புத் தலைதான் உருண்டையாக இல்லை. தலையும் கழுத்தும் சேரும் இடத்தில், முன்பக்கமாக, ஒடுங்கி உள்வாங்க வேண்டிய எலும்பு ஒடுங்காமல் புடைத்து நிற்கிறது. கேம் என்று இதற்குப் பெயர். ஆட்டுரலில் குழவி ஒரு பக்கம் புடைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. சுற்றும்போது அந்தப் புடைப்பு குழிக்குள் வரும் ஒவ்வொரு முறையும் சுவரில் உரசும். இடுப்பிலும் அப்படித்தான். காலை நன்றாக மடக்கி உள்நோக்கித் திருப்பும்போது புடைப்பு கிண்ணத்துக்குள் நுழைகிறது. குருத்தெலும்பை அடி எலும்பிலிருந்து உரித்துவிடுகிறது. கிண்ணத்தின் முன்மேல் பகுதியில்தான் இந்தச் சேதம் தொடங்கும்.

1965-ல் லண்டன் கதிரியக்க மருத்துவர் ரொனால்ட் மர்ரே, காரணம் தெரியாத தேய்மானம் என்று ஒதுக்கப்பட்ட இடுப்புகள் பலவற்றில் இந்தத் தலைக்கோணல் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1975-ல் அமெரிக்காவில் டேவிட் ஸ்டல்பெர்க்கும் உடன் இருந்தவர்களும் அதே தோற்றத்துக்குக் கைத்துப்பாக்கிப் பிடி என்று பேர் வைத்தார்கள். எக்ஸ்ரேயில் கழுத்தின் வளைவு தட்டையாகி அப்படித்தான் தெரியும். பாஸ்டனில் வில்லியம் ஹாரிஸ் 1986-ல் இன்னும் ஒரு படி மேலே போய், காரணமற்ற இடுப்புத் தேய்மானம் என்ற ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம், இருந்தாலும் மிக அரிது என்று வாதாடினார். ஆனால் எதிர்வாதமும் வலுவாகவே இருந்தது. டொனால்ட் ரெஸ்னிக் என்ற கதிரியக்க நிபுணர் 1976-லேயே கேட்டுவிட்டார்: தேய்மானம் வந்த மூட்டில் எலும்பு தானாகவே புதிதாக வளர்ந்து வடிவம் மாறுகிறது, அப்படியிருக்க இந்தக் கோணல் தேய்மானத்துக்குக் காரணமா, தேய்மானத்தால் வந்ததா? நியாயமான கேள்வி. தேய்ந்த மூட்டின் படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் அதற்கு விடை கிடைக்காது.

விடையில் பாதி ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை அரங்கிலிருந்து வந்தது. இடுப்பு மூட்டை முழுவதுமாகத் திறந்து தலையை வெளியே எடுப்பதற்கு மருத்துவர்கள் எப்போதுமே பயந்தார்கள். தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான நாளம் கழுத்தின் பின்பக்கமாக வளைந்து ஏறுகிறது. அது அறுந்தால் தலை எலும்பு செத்துப்போகும். ரைன்ஹோல்ட் கான்ஸும் அவருடைய சகாக்களும் அந்த நாளம் போகும் பாதையைத் துல்லியமாக ஆராய்ந்து, அதைத் தொடாமல் மூட்டை முன்பக்கமாகக் கழற்றும் முறையைக் கொண்டு வந்தார்கள். 2001-ல் அவர்கள் எழுதிய கட்டுரையில் 7 வருடத்தில் 213 இடுப்புகளைத் திறந்ததாகவும், ஒன்றில்கூடத் தலை எலும்பு சாகவில்லை என்றும் இருக்கிறது. அந்தக் கதவு திறந்ததும், இன்னும் முழுக்கத் தேயாத, இளம் வயதுக்காரர்களின் மூட்டைக் கண்ணால் பார்க்க முடிந்தது. காலை மடக்கித் திருப்பும்போது புடைப்பு எங்கே இடிக்கிறது, சேதம் எங்கே இருக்கிறது, இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். பொருந்தியது. 2003-ல் அவர்கள் இதை இடுப்புத் தேய்மானத்துக்கான ஒரு காரணம் என்றே தலைப்பில் எழுதினார்கள். இதற்கு முந்தைய வருடம் அவர்களில் ஒருவரான ஹூபர்ட் நோட்ஸ்லி, புடைப்பு எவ்வளவு என்று எம்.ஆர்.ஐ-யில் அளக்க ஆல்ஃபா கோணத்தைக் கொடுத்திருந்தார். தலை எந்த இடத்தில் உருண்டையிலிருந்து விலகத் தொடங்குகிறது என்பதை அது சொல்கிறது. கோணம் பெரிதாக ஆக, புடைப்பும் பெரிது.

மீதிப் பாதி விடைக்குக் காலம் தேவைப்பட்டது. தேய்மானம் வருவதற்கு முன் படம் எடுத்து, வருடக்கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் செக் என்ற ஆய்வு அதைச் செய்தது. இடுப்பிலோ முட்டியிலோ வலி என்று முதல்முறையாக டாக்டரிடம் வந்த, 45 முதல் 65 வயதுக்குட்பட்ட 1,002 பேர். ரிண்ட்யே அக்ரிகோலா என்ற ஆய்வாளர் 5 வருடக் கணக்கை 2013-ல் வெளியிட்டார். ஆல்ஃபா கோணம் 60 டிகிரிக்கு மேல் இருந்தவர்களுக்குக் கடுமையான தேய்மானம் வரும் வாய்ப்பு விகிதம் 3.67 மடங்கு. 83 டிகிரிக்கு மேல் இருந்தவர்களுக்கு 9.66 மடங்கு. புடைப்பு பெரிதாக இருந்து, அதோடு உட்சுழற்சியும் 20 டிகிரிக்குள் சுருங்கியிருந்தால், அப்படிப்பட்ட இடுப்புகளில் 52.6 சதவீதம் 5 வருடத்துக்குள் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டன.

இந்தக் கடைசி எண்ணை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். இரண்டு அளவுகளில் ஒன்று படத்திலிருந்து வருகிறது. இன்னொன்று கட்டிலில் படுக்க வைத்துக் கையால் காலைத் திருப்பிப் பார்ப்பதிலிருந்து வருகிறது. அதற்கு மெஷின் வேண்டாம், காசு வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்காமல் நேரே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் பழக்கம் எனக்குச் சம்மதமில்லை.

கிண்ணம் தேவைக்கு மேல் ஆழமாக இருந்து விளிம்பு தலையின் மேல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பின்சர் என்கிறார்கள். இதில் கருத்து ஒற்றுமை இல்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் நடந்த ஒரு ஆய்வு 2010-ல் ஆழமான கிண்ணத்துக்கும் தேய்மானத்துக்கும் தொடர்பு கண்டது; செக் ஆய்வில் தொடர்பே இல்லை. கோபன்ஹேகன் ஆய்வில் ஆண்களில் 15.2 சதவீதமும் பெண்களில் 19.4 சதவீதமும் ஆழமான கிண்ணம் உள்ளவர்கள். இவ்வளவு பேருக்கு இருப்பதை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே ஆய்வில் கைத்துப்பாக்கிப் பிடி ஆண்களில் 19.6 சதவீதம், பெண்களில் 5.2 சதவீதம். அதாவது டென்மார்க்கில் ஐந்து ஆண்களில் ஒருவருக்கு. அவர்களில் பெரும்பாலானவர்கள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடிப்பவர்கள். செக் ஆய்விலும் 60 டிகிரியைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோர் அந்த 5 வருடத்தில் கடைசிக் கட்டத்துக்குப் போகவில்லை. அவர்களோ ஏற்கெனவே எங்கேயோ வலி என்று வந்தவர்கள். இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டில் ‘கேம்’ என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு, இரவெல்லாம் யூடியூப் பார்த்து, மறுநாள் வெளிறிப்போய் வருகிற பையன்களைப் பார்க்கிறேன். ஒருவன் ஜிம்மை விட்டான், பைக் ஓட்டுவதை விட்டான், படி ஏறுவதைக்கூட எண்ணிக்கொண்டு ஏறினான். வலி என்னவோ முதுகிலிருந்து வந்தது. 2016-ல் இங்கிலாந்தின் வார்விக்கில் பல நாட்டு நிபுணர்கள் கூடி எடுத்த முடிவு இதற்குத்தான்: படத்தில் வடிவம் மட்டும் இருந்தால் அது நோய் ஆகாது. வலி வேண்டும், பரிசோதனையில் அறிகுறி வேண்டும், படமும் வேண்டும். மூன்றும் சேர வேண்டும்.

அறுவை சிகிச்சையைப் பற்றியும் இதே நிதானத்தோடு பேச வேண்டும். பிரிட்டனில் 348 பேரை வைத்து நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், துளையிட்டுப் புடைப்பைச் செதுக்கியவர்கள் உடற்பயிற்சிச் சிகிச்சை எடுத்தவர்களைவிட ஒரு வருட முடிவில் 100-க்கு 6.8 புள்ளி மேலே இருந்தார்கள். இரண்டு தரப்புமே முன்னேறியது. வித்தியாசம் உண்மைதான், ஆனால் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. அது வலியையும் நடமாட்டத்தையும் பற்றிய கணக்கு. செதுக்கிவிட்டால் பிற்காலத் தேய்மானம் வராது என்று அதை வைத்து யாரும் சொல்ல முடியாது. வலியே இல்லாதவருக்கு, எதிர்காலத்துக்காக என்று செதுக்கச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

ஆழமில்லாத கிண்ணத்துக்குப் பெர்ன் குழுவே 1984-ல் ஒரு அறுவையைத் தொடங்கியது. கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டி, கிண்ணத்தையே திருப்பித் தலைமேல் நன்றாக மூடும்படி வைத்து ஸ்குரூ போடுவார்கள். அவர்களுடைய முதல் 75 இடுப்புகளின் கதை முழுக்க எழுதப்பட்டிருக்கிறது. 20 வருடம் கழித்து 60 சதவீதம் சொந்த மூட்டோடு இருந்தன. 30 வருடத்தில் 29 சதவீதம். குறைவாகத் தோன்றலாம். கற்றுக்கொள்ளும் காலத்தில் செய்தவை, சிலருக்கு அப்போதே தேய்மானம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து வயதில் வந்த ஒரு பெண்ணுக்கு 20 வருடம் சொந்த மூட்டு என்றால், பிள்ளை பெற்று வளர்த்து வேலைக்குப் போகும் வருடங்கள் அத்தனையும் அது. தேய்மானம் முற்றுவதற்கு முன் கண்டுபிடித்தால்தான் இதற்கே வழி. அந்த அக்கா போன்றவர்கள் முட்டி வைத்தியத்தில் தொலைத்த வருடங்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான்.

சரி, இந்த வடிவம் எப்போது உருவாகிறது? கேம் புடைப்போடு யாரும் பிறப்பதில்லை. தொடை எலும்புத் தலைக்குக் கீழே வளர்ச்சித் தட்டு இருக்கிறது. பதின்ம வயதின் பின்பாதியில் அது மூடுகிறது. அக்ரிகோலா குழுவினர் இளம் கால்பந்து வீரர்கள் 63 பேரைக் குறைந்தது இரண்டு வருட இடைவெளியில் மறுபடி படம் எடுத்து 2014-ல் எழுதினார்கள். 12, 13 வயதுப் பையன்களில், தலையும் கழுத்தும் சேரும் இடம் தட்டையாகத் தொடங்கியிருந்தது முதலில் சுமார் 14 சதவீதம். பிறகு 50 சதவீதம். வளர்ச்சித் தட்டு மூடியவர்களிடம் அதற்கு மேல் மாற்றம் இல்லை. ஸ்விட்சர்லாந்தில் உயர்மட்டக் கூடைப்பந்து ஆடும் பையன்களிடமும் 2011-ல் இதேதான் தெரிந்தது. திரும்பத் திரும்ப, முழு வேகத்தில், மடக்கித் திருப்பும் விசை வளர்ச்சித் தட்டின் மேல் விழும்போது எலும்பு அதற்கேற்பத் தன்னைத் தடிப்பாக்கிக்கொள்கிறது.

பிள்ளைகளை விளையாட அனுப்ப வேண்டாம் என்று இதை யாரும் படித்துவிடக் கூடாது. தெருவில் கிரிக்கெட்டும் பள்ளியில் கபடியும் ஆடும் பையனைப் பற்றியல்ல இந்த ஆய்வுகள். பதினொரு வயதிலிருந்தே ஒரே விளையாட்டை வாரம் முழுவதும், வருடம் முழுவதும், போட்டித் தரத்தில் ஆடுபவர்களைப் பற்றியவை. நம் ஊரிலும் இப்போது அகாடமிகள் பெருகிவிட்டன. பயிற்சியாளர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, அந்த வயதில் வருடத்தில் சில மாதங்களாவது வேறு விளையாட்டு ஆடவிடுங்கள். தொடை இடுக்கு வலிக்கிறது என்று பையன் சொன்னால் ‘சதைப் பிடிப்பு’ என்று சொல்லித் தொடர்ந்து ஓட வைக்காமல் ஒரு தடவை இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊருக்கு ஊர் இடுப்புத் தேய்மானத்தின் அளவு மாறுவதும் வடிவத்தோடு பிணைந்த கதைதான். 2002-ல் வெளியான பெய்ஜிங் ஆய்வில், 60 வயதைத் தாண்டிய சீனப் பெண்களில் 0.9 சதவீதமும் ஆண்களில் 1.1 சதவீதமும்தான் இடுப்புத் தேய்மானம் உள்ளவர்கள். அமெரிக்க வெள்ளையரோடு ஒப்பிட்டால் 80 முதல் 90 சதவீதம் குறைவு. இந்தியாவிலும் வேறு காரணம் எதுவும் இல்லாமல் வரும் இடுப்புத் தேய்மானம் குறைவு என்பது எலும்பு மருத்துவர்கள் எல்லாரும் அறிந்தது. இங்கே முட்டிதான் பெரும்பாடு. இடுப்பு மாற்று அறுவைக்கு வருபவர்களைப் பார்த்தால், குடியாலும் ஸ்டீராய்டு மருந்தாலும் ரத்த ஓட்டம் நின்று தலை எலும்பு செத்துப்போன இளைஞர்கள், பழைய எலும்பு முறிவுக்காரர்கள், முதுகெலும்பு இறுகும் வாதம் உள்ளவர்கள்தான் நிறைய. சம்மணம் போடுவதும் குந்துவதும் நம் இடுப்பைக் காக்கிறது என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதைவிட எலும்பின் வடிவ வித்தியாசம்தான் வலுவான காரணமாகப் படுகிறது. ஜப்பானில் இடுப்புத் தேய்மானம் என்றாலே பெரும்பாலும் ஆழமில்லாத கிண்ணத்தால் வருவது, பெரும்பாலும் பெண்களுக்கு. அவர்களும் தரையில் உட்கார்ந்து பழகியவர்கள்தானே.

ஜப்பானின் கதை நம்மைப் பிறந்த குழந்தைக்குக் கொண்டுபோய் விடுகிறது. கிண்ணம் ஆழமாவது அதற்குள் தலை சரியாக உட்கார்ந்து அசைவதால். பிறந்த சில மாதங்களில் தலை விளிம்பை நோக்கி நழுவியிருந்தால் கிண்ணம் தட்டையாகவே வளரும். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. ஜிடிஎஃப்5 என்ற மரபணுவில் ஒரு சிறு மாறுபாட்டுக்கும் இடுப்புத் தேய்மானத்துக்கும் உள்ள தொடர்பை 2007-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் கையில் இருப்பது மரபணு இல்லை, துணி. ஜப்பானில் குழந்தையின் கால்களை நீட்டி வைத்துத் துணி கட்டும் வழக்கம் இருந்தது. 1975-ல் கியோட்டோவில் இஷிதா என்ற மருத்துவர், அப்படிக் கட்டாதீர்கள், கால்கள் மடங்கி அகன்று கிடக்கட்டும் என்று தாய்மார்களிடமும் பாட்டிமார்களிடமும் பிரச்சாரம் தொடங்கினார். அதற்கு முன் நூற்றுக்கு 1.1 முதல் 3.5 வரை இருந்த இடுப்பு விலகல் 0.2 அளவுக்கு இறங்கியது. ஊசி இல்லை, மருந்து இல்லை. எலும்பு மருத்துவத்தில் இதைவிட மனதை நிறைக்கும் கணக்கு எனக்குத் தெரியாது.

குழந்தையை இடுப்பில் உட்கார வைத்துத் தூக்கும் நம் வழக்கம், கால்கள் அம்மாவின் இரண்டு பக்கமும் அகன்று மடங்கியிருக்கும் அந்த நிலை, மருத்துவர்கள் இன்று சொல்லித்தரும் நிலையேதான். குழந்தையை இப்படித் தூக்கும் சமூகங்களில் இடுப்பு விலகல் குறைவாகவே காணப்படுகிறது. கவலைப்பட வேண்டியது அதற்கு முந்தைய மாதங்கள். பிரசவ வார்டில் டவலில் சுற்றித் தரும்போதும், குளிப்பாட்டியதும் ‘கால் நேராகட்டும்’ என்று பாட்டி நீவி நீட்டித் துணியால் இறுக்கும்போதும், இடுப்புக்குக் கீழே தளர்வாக விடச் சொல்லுங்கள். தோள் வரை எவ்வளவு கதகதப்பாகச் சுற்றினாலும் பரவாயில்லை. கால்களுக்கு மடங்கி விரிய இடம் வேண்டும்.

சில குழந்தைகளைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வயிற்றில் தலை திரும்பாமல் பிட்டம் கீழே இருந்த குழந்தை, அதுவும் பெண் குழந்தையாகவோ முதல் குழந்தையாகவோ இருந்தால். வீட்டில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ சின்ன வயதில் இடுப்பு விலகியிருந்தால். சிசேரியனில் பிறந்தாலும் கணக்கு மாறாது. நாப்பி மாற்றும்போது ஒரு தொடை மற்றதைப் போல அகலாமல் இருந்தாலும், ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. முதல் சில மாதங்களில் தலை முழுக்கக் குருத்தெலும்பாக இருப்பதால் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. இவர்களுக்குப் பிறந்த ஆறு வார வாக்கில் இடுப்பு அல்ட்ராசவுண்டு எடுக்கச் சொல்லிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். விலகல் இருப்பது அப்போதே தெரிந்தால், ஆறு மாதத்துக்குள் பாவ்லிக் பெல்ட் என்ற துணி வாரைச் சில வாரங்கள் போட்டு வைத்தாலே பெரும்பாலான குழந்தைகளுக்குத் தலை கிண்ணத்தில் உட்கார்ந்து, கிண்ணம் அதைச் சுற்றி வளரத் தொடங்கிவிடும்.